என் முறை

முதல் துளி விழுந்தது வெள்ளைக் கட்டத்தில்.
கறுப்பில் விழுந்திருந்தால் கவனித்திருக்க மாட்டேன்.
ஒட்டகத்தை எங்கே நிறுத்துவது என்பதிலேயே
புத்தி போயிருந்தது.

எர்தெனெத்தில் பிப்ரவரி.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் வெந்நீர்க் குழாய்கள்
இரவும் பகலும் காய்ந்து
காற்றிலிருந்த கடைசி ஈரத்தையும் குடித்துவிட்டிருந்தன.
உதடு வெடிக்கும்.
கதவுப் பிடியைத் தொட்டால் பொறி பறக்கும்.
மூக்கினுள்ளே, நடுச்சுவரின் முன்பக்கம்,
நூலினும் மெல்லிய நாளங்கள் பின்னிக் கிடக்கும் இடம்
சருகாகிவிடும்.

நாம்ஜில்மா தலையை அண்ணாந்தாள்.
எல்லோரும் செய்வதுதான்.
கூரையைப் பார்த்தால் ரத்தம்
வந்த வழியே திரும்பிவிடும் என்று
யார் கிளப்பிவிட்டார்களோ.
திரும்பாது. தொண்டையில் இறங்கும்.
ஏழு வயதில் நானும் அப்படி விழுங்கி
விழுங்கியதையெல்லாம்
அப்பாவின் புது பூட்ஸுக்குள் வாந்தியெடுத்திருக்கிறேன்.

"குனி," என்றேன்.
எதிராளியிடம் பேசக் கூடாது.
நடுவர் சோய்ஜில் புகைபிடிக்கப் போயிருந்தார்.
"எலும்பை இல்லை, கீழே,
மெத்தென்று இருக்கிறதே, அங்கே பிடி.
இரண்டு பக்கமும் சேர்த்து.
வாயால் மூச்சு விடு. பத்து நிமிஷம்."

பிடித்தாள்.
ஒரு நிமிஷம் ஆகவில்லை, கையை எடுத்துப் பார்த்தாள்.
மறுபடி பிடித்தாள்.
பலகைமேல் என் கை அசைந்ததும்
மறுபடி எடுத்தாள்.
நொடிக்கொருதரம் மூடியைத் திறந்தால்
எந்தக் கறி வேகும்?
திறக்கும்போதெல்லாம்
கணக்கு பூஜ்யத்துக்குப் போகிறது.

என் கடிகாரத்தில் பத்தே முக்கால் நிமிஷம்.
அவளுடையதில் நாலு.
முறை என்னுடையது.
ஒட்டகம் குறுக்கே பாய்ந்தால்
எட்டாவது நகர்த்தலில் அவள் ராஜா மூலையில் மாட்டும்.
பார்த்துவிட்டேன்.
காயை நகர்த்திப் பொத்தானை அழுத்தினால்
அவள் நேரம் ஓடத் தொடங்கும்,
மூக்கிலிருந்து விரல் இறங்கிவிடும்.

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.
"என் முறைதான்," என்றேன். "பிடித்துக்கொண்டே இரு."

இதைக் கருணை என்று எழுதிவிடலாம்.
கம்பள ஆலையில் நாளைக்கு
மூக்கொழுகியவளை ஜெயித்தவள் என்பார்களே,
அந்தப் பயமும் இருந்தது.
எது எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் நிமிஷம்.
"ரத்தம் இளக்கும் மாத்திரை ஏதாவது?"
தலையசைத்தாள், இல்லை.
"பிரஷர்?"
கிரேன் ஓட்டுகிறவள், மாதாமாதம் பார்க்கிறார்களாம்:
கட்டைவிரலை உயர்த்தினாள்.
"பின்னே என்ன?"
காலியாயிருந்த கையின் சுண்டுவிரலை நீட்டி
காற்றில் ஒரு துவாரத்தைத் தோண்டிக் காட்டினாள்.
யோசனையில் தோண்டியிருக்கிறாள்!
காய்ந்த பொருக்கைப் பெயர்த்திருக்கிறாள்.
என் ஒட்டகத்துக்குப் பயந்து.
"சிரிக்காதே," என்றேன், நான் சிரித்துக்கொண்டே.

ஆறு.
இருபது நிமிஷத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி.
அவ்வளவு நேரம் என்னிடம் இல்லை.
எட்டு.
உருகிய பனி ஜன்னல் விளிம்பில் சொட்டியது,
அதற்கும் திடுக்கிட்டேன்.
பத்து.

விரலை எடுத்தாள்.
காத்திருந்தோம், இருவரும் அந்த மூக்கையே பார்த்து.
வரவில்லை.

மீதி இருபத்திரண்டு விநாடி.
ஒட்டகத்தை எறிந்தேன்.
அவள் நிதானமாக ஆடினாள், ஆட வேண்டியதுதானே.
ஆறாவது நகர்த்தலில் என் நேரம் செத்தது.
சோய்ஜில் புகை நாற்றத்தோடு வந்து
அவள் பெயருக்கு நேரே ஒன்று போட்டார்.
பலகையைப் பார்த்து, "யார் ரத்தம்?" என்றார்.
யாரும் பதில் சொல்லவில்லை.

நடைக்கூடத்தில் என் வாசலின் டப்பியைக் கொடுத்தேன்.
"ராத்திரி மூக்கைச் சிந்தாதே, கனம் தூக்காதே.
உள்விளிம்பில் லேசாகத் தடவு.
அறையில் ஈரத் துண்டு தொங்கவிடு."
வாங்கிக்கொண்டாள்.
"ஒட்டகத்தை நானும் பார்த்தேன்," என்றாள்
அடைத்த குரலில்.
நன்றி என்று எதுவும் சொல்லவில்லை.
டப்பி இன்னும் திரும்பி வரவில்லை.

மன்றத்தில் அதே பலகைதான்.
துடைத்தும் போகாத பழுப்பு, நாலாம் வரிசையில்.
அந்தக் கட்டத்தில் யார் காய் வைத்தாலும்
என் கை
என் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.